அக்கா இல்லை என்றொரு சத்தியக்கடதாசி

அன்று காலை எனக்குக் கிடைத்த வேலை கழுதை விரட்டுவது.

மன்னார்ப் பட்டினத்தில் கழுதைக்கு இருக்கிற சுதந்திரம் மனிசருக்கு இல்லை. நடு றோட்டில் நிற்கும். பஸ் வந்தால் பஸ்தான் சுற்றிப் போக வேண்டும். எங்கள் வேலியோரம் வந்து நின்று கத்தத் தொடங்கினால் வீட்டுக்குள் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேளாது. அன்றைக்கு வீட்டுக்குள் என் மகள் டிலானி, வெளிநாட்டுக்குப் படிக்கப் போக விசா கேட்டு நேர்முகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே கையில் ஒரு பூவரசந் தடியோடு நான் படலையடியில் காவல் நின்றேன்.

இப்போது நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. லப்டொப்பைத் திறந்தால் அதிகாரியின் முகம் வருகிறது. லப்டொப் எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டு ஹாஜரா தாத்தாவின் மருமகனிடம் இரவல் வாங்கியது. பின்னால் வெறும் சுவர் தெரிய வேண்டும் என்று ஏஜென்ற் சொல்லியிருந்தபடியால், சுவரில் இருந்த மடு மாதா படத்தைக் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்தோம்.

"மாதாவையும் கழட்டிப்போட்டு ஆரிட்டயப்பா விசா கேக்கப் போறியள்?" என்றார் என் மனிசன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்கட சத்தம் உள்ளுக்குக் கேக்கும்."

மின்விசிறி இரையும் என்று அதையும் நிறுத்திவிட்டோம். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு அவிந்துகொண்டிருந்தாள். கழுத்தடியில் போட்ட பவுடர் வேர்வையில் கோடு கோடாய் இறங்கியிருந்தது.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. மீன் வாடியில் ஐஸ் பெட்டிகளில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் யன்னலடியில் நின்றால் ஒன்றிரண்டு சொல் பிடிபடும். மதர் என்றாள். பாதர் என்றாள். மன்னார் என்றாள். பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து நீளமாய் ஒரு கேள்வி வந்தது. டிலானி சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"மை சிஸ்டர்."

மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"யேஸ். மை ஓன் சிஸ்டர்."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஹாஜரா தாத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. "என்னவாம் புள்ள?" என்று வாயசைத்துக் கேட்டா.

"அக்காவைப் பற்றிச் சொல்லுறாள்," என்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

அந்த ஒரு சொல்லோடு அவளுடைய விசா முடிந்துபோனது. அது எங்களுக்குத் தெரியவரக் கிழமைகள் எடுத்தன.

ஜெனிற்றா வந்தது

டிலானி சொன்ன அக்கா, ஜெனிற்றா. நான் பெற்ற பிள்ளை இல்லை. என் மூத்த சகோதரியின் மகள்.

என் சகோதரி கலியாணம் முடித்து, தீவை விட்டுப் பெருநிலப் பக்கம் போனவள். சண்டைக் காலத்தில் சனம் முழுக்க மடு மாதா கோயிலுக்கு ஓடியபோது அவளும் ஓடினாள். அங்கே காட்டு மரத்தடியில், ஒரு தறப்பாளுக்குக் கீழே, மலேரியாக் காய்ச்சலில் போனாள். குண்டுக்குத் தப்பியவளை நுளம்பு கொண்டுபோனது.

"தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்" என்று ஒரு சொல் இருக்கிறது. அத்தான் நல்ல மனிசன்தான், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அடுத்த ஆடித் திருவிழாவுக்கு அவர் புதுப் பெண்சாதியோடு வந்தார். இந்தப் பிள்ளை அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நடந்து வந்தது. அந்தத் தள்ளி நடந்த தூரத்தைப் பார்த்துத்தான் நான் கேட்டேன், "அத்தான், பிள்ளையை நான் கொண்டு போகட்டோ?" என்று. அவர் மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு மூக்கில சளி இருக்கு, குளிர்ந்த தண்ணி குடுக்காதை," என்று மட்டும் சொன்னார்.

வந்த புதிதில் தனிக் கோப்பையில் சோறு போட்டால் சாப்பிடாது. என்னுடைய கோப்பையில், நான் குழைத்த சோற்றில், நான் முள்ளெடுத்த மீனில்தான் கை வைக்கும். என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டது. கொஞ்சக் காலத்தில் அந்தச் 'சின்ன' தானாய்க் கழன்று விழுந்துவிட்டது. அம்மா மட்டும் நின்றது. ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டிலானி பிறந்தபோது ஜெனிற்றா பள்ளிக்கூடப் பிள்ளை. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லுவாள். டிலானி முதல் பேசிய சொல் 'அக்கா'. என் மனிசனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

எங்கள் பக்கத்தில் அக்காவின் பிள்ளையைப் பெறாமகள் என்பார்கள். பெறாவிட்டாலும் மகள். சொல்லிப் பாருங்கோ, பாரம் விழுவது மகளில்தான். 'பெறா' சும்மா முன்னுக்கு நிற்கிறது, கலியாண வீட்டு வாசலில் கட்டின வாழைமரம் மாதிரி. நாலு நாளில் வாடிவிடும்.

ஒரு தாத்தா, மூன்று ஆள்

கதையை விட்டு ஓடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதுவும் அந்தக் கதைதான்.

ஹாஜரா தாத்தாவை நான் அறிந்தது இந்தியாவில், இராமநாதபுரத்துப் பக்கத்து அகதி முகாமில். இப்போது உப்புக்குளத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. அப்போது பக்கத்துப் பக்கத்துத் தகரக் கொட்டில். எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். இந்தியாவில் தாத்தா என்றால் கிழவன்.

முகாமில் ஆள் எண்ண வந்த அதிகாரி, ஹாஜரா தாத்தாவின் தங்கச்சியிடம், "உள்ள யாரும்மா இருக்கா?" என்று கேட்டார்.

"தாத்தா இருக்கா."

"பெரியவரை வெளிய வரச் சொல்லு."

ஹாஜரா தாத்தா இருபது வயதுப் பெட்டையாய், தலையில் முக்காடும் கையில் அகப்பையுமாய் வெளியே வந்தா. அதிகாரி அவவுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "எங்கம்மா தாத்தா?" அவர் கேட்கிறார், இவள் காட்டுகிறாள். அவர் கேட்கிறார், இவள் காட்டுகிறாள். கடைசியில் அவருக்குக் கோபம் வந்து, "நடக்க முடியாதவரா?" என்று கேட்க, முகாமே சிரித்தது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு சோதனைச் சாவடிச் சென்றியில் நின்ற ஆமிக்காரனுக்கும் அதே சொல் தடக்கியது. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். தங்கச்சி ஹாஜராவைக் காட்டித் தாத்தா என்றதும் அவன் அடையாள அட்டையையும் அவவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அல்லாஹ்ட காவல். ஒரு சொல்லால நான் கிழவனாயும் இருந்தன், வாப்பாவாயும் இருந்தன்," என்று ஹாஜரா தாத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பா.

அதிகாரிக்கும் எங்களுக்கும் நடுவில் சொல் சறுக்கினால் அது சிரிப்போடு போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன்.

வாடகை அக்கா

டிலானி உயர்தரப் பரீட்சை மூன்று தரமும் எடுத்தாள். மூன்று தரமும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கொஞ்சம் காணாமல் போனது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இவளுக்கு சாண் ஏற சாண் சறுக்கியது, அதனால் அதே இடத்திலேயே நின்றாள்.

அவள் படிக்க ஆசைப்பட்டது, கைகால் வழங்காத ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு. காரணம் வீட்டுக்குள்ளேயே கதிரையில் இருந்தது. என் மனிசனுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கடலில் வலை இழுத்த கை. காலையில் பிள்ளை போனில் படம் போட்டுப் பார்த்து, அதில் செய்கிற மாதிரியே தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து மடக்குவாள். கிளினிக்கில் இருந்த மிஸ் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஆர் பிள்ளை உமக்குப் பழக்கினது? நல்லாச் செய்யிறீர்," என்றா. அன்றைக்குப் பிடித்த ஆசை.

ஜெனிற்றா கலியாணம் முடித்து வெளிநாட்டில் இருக்கிறாள். நாட்டின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் எனக்குப் பல் கூசும். வயதானவர்களைப் பராமரிக்கிற இடத்தில் வேலை. அவள் போனில் ஒரே போடாய்ப் போட்டாள்.

"இஞ்ச வந்து படிக்கட்டும். நான் படிப்பிக்கிறன்."

"உனக்கு உன்ர குடும்பம் இருக்கு மகள்."

"அவளை இடுப்பில தூக்கித் திரிஞ்சது நீங்களோ நானோ? வாயை மூடிக்கொண்டு இருங்கோ அம்மா."

வவுனியாவில் ஒரு ஏஜென்றைப் பிடித்தோம். கழுத்துப் பட்டி கட்டின பெடியன். படிவத்தை நிரப்பும்போது கேட்டான், "சகோதரங்கள் இருக்கினமோ?"

"ஒரு அக்கா."

"சொந்த அக்காவோ?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "பின்ன என்ன தம்பி, வாடகை அக்காவோ?"

அவன் சிரித்தான். பிறகு பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தான். "அன்ரி, கடதாசியில வேற தாய், வேற தகப்பன். இவ கசின். சகோதரம் எண்ட இடத்தில ஒருத்தரும் இல்லை எண்டுதான் போட வேணும். தங்கச்சி, கவனமாயிரும். கேட்டா கசின் எண்டு சொல்லோணும்."

டிலானி தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, "கசின், கசின்," என்று தனக்குள் சொல்லிக்கூடப் பார்த்தாள். அவன் எழுதியதும் சரி, அவள் தலையாட்டியதும் சரி.

ஆனால் நேர்முகத்தில் படிப்புக்கு ஆர் பொறுப்பு என்று கேட்டவுடன், இருபது வருசமாய்க் கூப்பிட்ட வாய் அக்கா என்றது. அவர்கள் விடாமல் 'ஓன் சிஸ்டரோ' என்று கேட்டார்கள். பிள்ளை அந்த ஓனைத் தமிழாக்கிப் பார்த்தது. ஓன் என்றால் சொந்தம்.

பிறகு ஏஜென்ற் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டபோது அவள் சொன்னாள்: "சொந்தமோ எண்டு கேட்டா, சொந்தம் இல்லை எண்டு எப்பிடி அண்ணா சொல்லுறது? அவ எங்களுக்குச் சொந்தம்தானே."

எங்கள் பாஷையில் கூடப் பிறந்ததும் சொந்தம், தாய்வழி வந்ததும் சொந்தம், தூரத்து உறவும் சொந்தம். அவர்களிடம் அந்தச் சொல்லுக்குள் ஒரே ஒரு கதவு.

பொய்க்காரி

மறுப்பு வந்தது. படிவத்தில் சகோதரி இல்லை என்று எழுதிவிட்டு நேர்முகத்தில் சொந்தச் சகோதரி என்று சொன்னபடியால், விண்ணப்பகாரி உண்மைக்கு மாறான தகவல் தந்திருக்கிறாராம்.

"விசா இல்லை எண்டா வேற நாட்டுக்குக் கேக்கலாம் அன்ரி," என்றான் ஏஜென்ற். "இது அப்பிடியில்லை. பொய் சொன்னவ எண்டு பதிஞ்சிட்டினம். அதை அழிக்காட்டி இனி எங்க கேட்டாலும் முதல்ல அது வந்து நிக்கும்."

ஒரு விசாவுக்குப் போனவள், பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். என் மனிசன் பகிடிக்காரன். எந்தத் துக்கத்தையும் ஒரு பகிடியால் தட்டிவிடலாம் என்று நினைக்கிறவர். "நுணலும் தன் வாயால் கெடும் எண்டது சரியாப் போச்சு," என்றார்.

பிள்ளை சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார். டிலானி தகப்பனின் கையை மடியில் வைத்து விரல் விரித்துக்கொண்டிருந்தவள். அந்தக் கையை மெல்ல எடுத்து, கதிரைக் கைப்பிடியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

பழமொழி என்றால் எனக்கு உயிர். சந்தையில் ஒருவர் புதிதாய் ஒன்று சொன்னால் மீனை மறந்துவிட்டு அதைக் கொண்டு வருகிற ஆள் நான். அன்றைக்கு என் மனிசனைப் பார்த்துச் சொன்னேன், "இனி இந்த வீட்டில ஒருத்தரும் பழமொழி சொல்லக் கூடாது."

"நீரே சொல்லுறீர் இதை?" என்றார்.

'மட்டுமே'

மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கேட்க ஒரு வழி இருந்தது. டிலானி ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். அங்கே ஜெனிற்றாவும் ஒன்று கொடுக்க வேண்டும். இருவரும் அக்கா தங்கச்சி இல்லை என்று.

சமாதான நீதவான் எங்கள் கோயில் பக்கத்து ஆள்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எழுதியதை வாசித்துக் காட்டினார்.

"எனக்கு உடன்பிறந்த சகோதரி எவரும் இல்லை என்றும், ஜெனிற்றா என்பவர் எனது தாயாரின் சகோதரியின் மகள் மட்டுமே என்றும் இத்தால் சத்தியம் செய்கிறேன்."

டிலானி பேனையை எடுத்தாள். வைத்தாள்.

"ஐயா, அந்த 'மட்டுமே'யை எடுக்கேலாதோ?"

அவர் அவளையும் என்னையும் பார்த்தார். ஜெனிற்றா கோயிலில் முதல்நன்மை வாங்கின நாள் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மனிசன். அன்றைக்கு அவளுக்கு வெள்ளை உடுப்புத் தைத்துப் போட்டு, தாய் நிற்கிற இடத்தில் நின்றது ஆர் என்று அவருக்குத் தெரியும்.

"அதை எடுத்தா கடதாசிக்குப் பலமில்லை, மகள்."

"எழுதினது பொய்யில்லைத்தானே ஐயா?"

"ஒரு எழுத்தும் பொய்யில்லை."

கையெழுத்து வைத்தாள். முத்திரை குத்துகிற சத்தத்துக்கு மட்டும் கண்ணை மூடித் திறந்தாள். திரும்பி வரும் வழியில் ஆட்டோக்காரப் பெடியன் பாட்டுப் போட்டான். பாலத்தடி வரைக்கும் ஒரு கலியாணப் பாட்டு எங்களோடு வந்தது.

ஜெனிற்றாவின் பாடு அதைவிடப் பொல்லாதது. விசாக்காரர் விசாரிக்கப் போன் எடுத்தாலும் எடுப்பார்கள், அப்போது டிலானியின் தாயை அம்மா என்று சொல்லிப்போடாதீர்கள், பழகிக்கொள்ளுங்கள் என்று ஏஜென்ற் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"சின்னம்மா," என்றாள்.

"ஆர்?" என்றேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

"நான்தான். பழகிப் பாக்கிறன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"திரும்பச் சொல்லு மகள். பிழை வரப்படாது," என்றேன். தங்கச்சிக்காக நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவள் சொன்னாள். இன்னொருக்காய்ச் சொல்லு என்றேன். சொன்னாள். நாலைந்து தரம் சொன்ன பிறகு சரியாய் வந்தது, வேறு வீட்டுப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி.

பெத்த மனம் பித்து என்பார்கள். பெறாத மனத்துக்கு என்ன பெயர் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

பதில்

பதில் டிலானியின் போனுக்கே வந்தது. வாசற்படியில் இருந்து வாசித்தாள். நான் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில்.

"சொல்லு பிள்ளை."

"முதல்ல அக்கா இருக்கிறா எண்டு சொன்னனானாம். இப்ப அக்கா இல்லை எண்டு சத்தியம் செய்யிறனாம். ரெண்டில எதை நம்புறது எண்டு தெரியேல்லையாம். அதால ரெண்டையும் நம்பேலாதாம்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. முடிஞ்சுது."

என் மனிசன் கதிரையில் இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் விட்டார்.

ஹாஜரா தாத்தா வேலியால் வந்து அவளைக் கட்டிப் பிடித்தா. "அழு புள்ள, வாய்விட்டு அழு," என்றா. டிலானி அழவில்லை. தாத்தாவின் தோளுக்கு மேலால் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாத்தாதான் அழுதா.

இப்போது பட்டினத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலையில் போய்ப் பொழுதுபட வருகிறாள். சாறிகளை விரித்துக் காட்டி, ஆட்கள் வேண்டாம் என்று போன பிறகு திரும்ப மடித்து வைக்கிற வேலை. தகப்பனின் விரல்களை இப்போது விரிப்பதில்லை. அவராய் ஒருநாள் கையைத் தூக்கி மேசையில் வைத்து, "இண்டைக்குக் கொஞ்சம் விறைப்பாக் கிடக்குது," என்று சொல்லிப் பார்த்தார். "தைலம் பூசுங்கோ அப்பா," என்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கோபத்தில் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கோபம் என்றால் ஆற்றலாம்.

ஏஜென்ற் இடைக்கிடை போன் எடுப்பான். இன்னும் சில வருசம் பொறுத்தால் அந்தப் பதிவு போய்விடுமாம், பிறகு கேட்டுப் பார்க்கலாமாம். அதற்குள் அவளுக்குப் படிக்கிற வயது போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து இடியப்பத்துக்குச் சொதி வைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த டிலானியின் போன் அடித்தது. ஜெனிற்றாவின் முகம் வந்து நின்றது, பனித் தொப்பி போட்ட முகம். டிலானி பக்கத்தில்தான் இருந்தாள். பார்த்தாள். கை நீட்டவில்லை.

"எடு பிள்ளை. அவளில என்ன கோபம்?"

"கோபமில்லை அம்மா."

"பின்ன ஏன் எடுக்கிறேல்லை? போன கிழமையும் எடுக்கேல்லையாம். அவள் எனக்குச் சொல்லி அழுறாள்."

டிலானி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"எடுத்து என்னெண்டு கூப்பிடுறது, அம்மா?"

ஊர்ச் சொல்லெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற எனக்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. போன் அடித்தது. அடித்து அடித்துத் தானாய் நின்றது.